ஒரிஜினல் மேல சேவ் போடாதீங்க

மாதேஷ் இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போட்டோ, அதன் கீழே இரண்டு வரி. கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ், மதியத்துக்குள் வேண்டும், இண்டூர் கூட்ரோட்டில் கட்டணும், விவரம் நேரில் வந்து சொல்கிறோம். நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, வெளிச்சத்தை. இடது பக்கம் இருட்டாக இருந்தது. அதைத் தூக்க வேண்டும் என்று கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. இருட்டு விலகிய பிறகுதான் அந்தக் கன்னத்தில் தழும்பு தெரிந்தது. தழும்பு தெரிந்த பிறகுதான் ஆள் தெரிந்தது. எட்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவன்.

அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மாதேஷின் மாமன் மகன் முருகன் எடுத்தான். முந்தின நாள் சாயங்காலம் நல்லம்பள்ளி பக்கம் ஒரு லாரி இடித்துவிட்டதாம். "இண்டூர்ல ஃபிளக்ஸ் டிசைன் பண்றது மாதேஷ் அண்ணன் ஒருத்தர்தாங்க. அதான் உங்களுக்கு அனுப்புனேன்" என்றான். அவன் சாவுக்கு பேனர் போட அவனைத் தவிர ஊரில் ஆள் இல்லை என்று அந்தப் பையன் சாதாரணமாகச் சொன்னான். மாதேஷ் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

அவனிடம் ஆல்பம் போட்டவர்களும் அவனிடம் திட்டு வாங்கியவர்களும் ஒரே கூட்டம்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரை 'அவன்' என்று எழுதலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவன் என்னைவிட எட்டு வயது சின்னவன். 'அவர்' என்று எழுதினால், "என்னக்கா, செத்ததும் மரியாதை எல்லாம் தூள் பறக்குது" என்பான். அதனால் அவன்தான்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஸ்டூடியோ. வீட்டுக்காரர் போட்டோ எடுப்பார், நான் எடிட்டிங். பெங்களூரில் ஒரு போட்டோ லேபில் வேலை பார்த்துவிட்டு ஊர்ப் பக்கமே வந்துவிடலாம் என்று வந்தவனை வீட்டுக்காரர்தான் வேலைக்கு வைத்தார். அப்போது நான் பயன்படுத்தியது கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே போட்டுக்கொடுத்த ஒரு சின்ன சாஃப்ட்வேர். அதில் சூரியன் படம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. தட்டினால் ஆள் வெளுத்துவிடுவார். எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளை பட்டன் என்றே பெயர். இன்னொன்று முகத்தில் உள்ள பரு, கரும்புள்ளி எல்லாவற்றையும் ஒரே தட்டில் துடைத்துவிடும். இந்த இரண்டையும் வைத்து ஏழு வருடம் இந்த ஊர்க் கல்யாணங்களை ஓட்டியவள் நான்.

முதல் நாள் மாதேஷ் நான் போட்ட ஆல்பம் ஒன்றைப் புரட்டினான். பாதியில் மூடி வைத்தான்.

"அக்கா, மாப்பிள்ளை, பொண்ணு, மாமனாரு, பின்னாடி நிக்கற பந்தக்காலு வரைக்கும் ஒரே வெள்ளை. இது எடிட்டிங் இல்லக்கா, சுண்ணாம்பு."

"கேக்கறாங்க, போடறேன். உனக்கு என்ன?"

"எனக்கு ஒன்னுமில்ல. பொண்ணுக்கு மூக்கு இருந்துச்சா இல்லையான்னு அவங்க புள்ளைங்க நாளைக்கு வந்து கேக்கும்."

வந்த முதல் நாளே இப்படி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய சாஃப்ட்வேரில் வேலை செய்பவன் என்ற திமிர் என்று நினைத்தேன். அவன் கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பெரிய சாஃப்ட்வேரைத் திறந்தால் ஓரத்தில் நாற்பது கருவி, மேலே ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு அடுக்கு. வெள்ளை பட்டனைத் தேடினேன், இல்லை. "வெளுக்கறதுக்கு பட்டன் கண்டுபுடிச்சிட்டாங்கக்கா, பாக்கறதுக்குத்தான் இன்னும் கண்டுபுடிக்கல" என்றான். அந்தப் பக்கமே போகவில்லை நான்.

அடுத்த மாதம் வத்தல்மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு பழைய போன், அதில் ஒரு போட்டோ. எட்டு வயதுப் பெண் பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டது. வேறு படமே கிடையாது, இதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுத் தர வேண்டும் என்றார். போனில் இருந்த படத்தை நான் காப்பி செய்யவில்லை, கட் செய்து கம்ப்யூட்டரில் போட்டேன். அவசரத்தில் அப்படித்தான் செய்வேன். வெள்ளை பட்டனைத் தட்டினேன், துடைக்கும் பட்டனைத் தட்டினேன், சேவ் போட்டு சாஃப்ட்வேரை மூடினேன். பிரிண்ட் எடுத்து நீட்டினேன். பிள்ளை பளிச்சென்று இருந்தது, எனக்கே திருப்திதான்.

அந்த அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, என் மனம் புண்படக் கூடாது என்பதுபோல், "நல்லா இருக்குதுங்க. ஆனா இது என் புள்ள இல்லீங்க" என்றார்.

மேல் உதட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு மச்சம் இருந்திருக்கிறது. பட்டனுக்கு மச்சம் எது, கரும்புள்ளி எது என்று தெரியுமா? துடைத்துவிட்டது. ஒரிஜினல் மேலேயே சேவ் போட்டிருந்தேன். போனிலும் இல்லை. "இருங்கம்மா, மச்சம் வெச்சிரலாம்" என்று கறுப்பில் ஒரு பொட்டு வைத்தேன். "இங்க இல்லீங்க" என்றார். நகர்த்தினேன். "இவ்வளவு பெருசு இல்லீங்க." சின்னதாக்கினேன். அவர் தன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். மாதேஷ் எழுந்து வந்தான். "அம்மா, இந்த அக்கா உங்க புள்ள படத்த அழிச்சிட்டாங்க. திரும்ப வராது. நான் ஒரு மச்சம் வெச்சுத் தரேன். பாத்தா அசலாட்டம் இருக்கும். ஆனா அது நான் வெச்ச மச்சம், புள்ளையோடது இல்ல. வேணும்னா சொல்லுங்க."

ஒரு தாயிடம் இப்படியா சொல்வார்கள்? அவனைக் கொன்றுவிடலாம் என்று இருந்தது எனக்கு. அந்த அம்மா அழவில்லை. "வெச்சுக் குடுங்க சாமி" என்றார். அரை மணி நேரம் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவன் வைத்தான். படத்தை மாரோடு அணைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு மாதேஷ் சொன்னது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வாசகம் ஆகிவிட்டது. அது பிறந்தது அன்றைக்குத்தான், என் தலையில்தான். "ஒரிஜினல் மேல சேவ் போடாதீங்கக்கா. அது சேவ் இல்ல, சாவு."

மறுநாள் காலை என் கம்ப்யூட்டரில் சின்ன சாஃப்ட்வேர் இல்லை. கேட்காமல் கொள்ளாமல் அழித்திருந்தான். நான் கத்தினேன். அவன் டீயைக் குடித்துக்கொண்டே "ஆயித்து" என்றான். பெங்களூரில் ஒட்டிக்கொண்டு வந்த கன்னட வார்த்தை. முடிந்துவிட்டது என்று அர்த்தம். வேலை முடிந்தாலும் ஆயித்து, சாப்பாடு முடிந்தாலும் ஆயித்து, என் ஏழு வருட வித்தை முடிந்தாலும் ஆயித்து.

அதன் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஆல்பங்கள் தேங்கின. கல்யாண வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். "அக்கா புதுசா படிக்கறாங்க, எல்கேஜி" என்று அவர்கள் முன்னாலேயே சொல்வான். லேயர் என்றால் என்ன என்று எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஒரு கண்ணாடித் தாளை எடுத்துப் படத்தின் மேல் வைத்தான். "இது மேல என்ன வேணா கிறுக்குங்க. புடிக்கலன்னா தாள எடுத்துப் போட்டுருங்க. அடியில இருக்கறது அப்படியே இருக்கும். அடியில இருக்கறது சாமி மாதிரி, அதுக்குப் பூட்டு போட்டு வெச்சிருக்கான் பாருங்க." பூட்டுப் படம் ஒன்று நிஜமாகவே அங்கே இருந்தது. நான் தவறு செய்தால் பேசமாட்டான். என் மவுஸைப் பிடுங்கி, நான் இரண்டு மணி நேரம் செய்ததை ஒரே தட்டில் அழித்துவிட்டு, மறுபடி மவுஸைத் தருவான். ஒரு நாள் அழுதேவிட்டேன். "அழுவறதுக்கு பட்டன் இல்லக்கா, அது கைலதான் பண்ணனும்" என்றான். ஆறு மாதம் ஆயிற்று. பிறகு ஒரு நாள் நான் சுருக்கம் எடுத்த ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான், எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் அவன் நாற்காலிக்குப் போய்விட்டான். எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு தடவை விளையாட்டாகக் கேட்டேன். "உன் போட்டோ ஒன்னு குடேன், அந்தத் தழும்ப எடுத்துப் பழகறேன்." கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை இறங்கும் தழும்பு அது, மேல் தோல் உருகி இறுகியது. சின்ன வயதில் வெல்லம் காய்ச்சும் ஆலையில் ஆட்டம் போட்டதாகவும் பாகு தெறித்துவிட்டதாகவும் யார் கேட்டாலும் சொல்வான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. "மத்தவங்க முகத்துல பழகுங்க. இதுல யாரும் கை வெக்க வேணாம்" என்றான். கடையில் அவனுக்கு ஒரு படம்கூட இருக்கவில்லை. நாங்கள் கேமராவைத் திருப்பினால் எழுந்து போய்விடுவான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இது அஞ்சலி இல்லை, வெள்ளை பட்டன்.

ஒரு பெரிய இடத்துக் கல்யாண ஆர்டர் பேச வந்தார்கள். பெண்ணின் தாய் கவுன்டரில் உட்கார்ந்திருந்த மாதேஷைப் பார்த்துவிட்டு, அவன் காதில் விழும்படியே, "நல்ல காரியத்துக்கு வந்திருக்கறோம், மொதல்லயே இந்த முகத்துலயா முழிக்கணும்?" என்றார். எழுந்து போங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே பல முகங்களில் வேலை பார்த்தவள். மறுநாள் கவுன்டருக்குப் பின்னால் பச்சைத் திரை ஒன்று மாட்டி அவன் மேசையை அதற்கு உள்ளே தள்ளினேன். "ஏசி குளிரு வெளிய போவுது மாதேஷு, அதுக்குத்தான்" என்றேன்.

அவன் திரையைத் தொட்டுப் பார்த்தான். "நல்ல லேயரு அக்கா. அடியில இருக்கறது தெரியவே தெரியாது."

அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு வருடம் வேலை செய்தான். முன்பு கவுன்டரில் ஆள் வந்தால் ஏதாவது நக்கல் அடிப்பான், அது நின்றுவிட்டது. நானும் திரையை எடுக்கவில்லை. கூட்டம் கூடியது, அதுதான் உண்மை. ஒரு நாள் கையிலிருந்த ஆல்பத்தை முடித்து மேசையில் வைத்துவிட்டு "ஆயித்து" என்றான். வேலை ஆயித்து என்று நினைத்தேன். மறுநாள் வரவில்லை. இண்டூரில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். போன் செய்யவில்லை நான். என்ன என்று செய்வது?

ஒரே ஒரு தடவை பார்த்தேன். பாலக்கோட்டில் ஒரு கல்யாணம், இரண்டு வீட்டாரும் இரண்டு ஸ்டூடியோக்களை வைத்திருந்தார்கள். பெண் வீட்டுக்கு நாங்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு அவன். மண்டப வாசலில் நான் அவனைப் பார்த்ததை அவனும் பார்த்தான். தழும்பு இருக்கும் பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் உள்ளே போகும் வரை அப்படியே நின்றான்.

ஆர்டர் வந்த அன்று பத்து மணிக்கு முருகன் கடைக்கு வந்தான். கூட மாதேஷின் அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் உடம்பை அறுத்துத் தர நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த இடைவெளியில் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"நீதான் அந்த அக்காவா கண்ணு?"

"ஆமாங்கம்மா."

"உன்னப் பத்திப் பேசுவான். அக்கா கை சுத்தம்பான். எடுத்தா எடுத்த எடமே தெரியாதும்பான்."

திரையைப் பற்றி இந்த அம்மாவிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

அவர் மானிட்டர் பக்கம் வந்து, பிள்ளையின் இடது கன்னத்தில் விரலை வைத்தார். "அப்ப இத எடு."

"அம்மா, அது மாதேஷுக்குப் புடிக்காதுங்க. அதுல யாரும் கை வெக்கக் கூடாதும்பான்."

"அவன் சொல்லுவான். அவன்தான் செத்துட்டானே. பேனர பாக்கப்போறது நான் தான?" குரல் உயரவே இல்லை. "மூஞ்சியக் கட்டித்தான் குடுப்பாங்களாம். பாக்க வேணாம்ங்கறாங்க. இனிமே எனக்கு இதான் மூஞ்சி. எடுத்துடு."

நான் மவுஸைத் தொடவில்லை. அவர் முருகனை வெளியே போய் நிற்கச் சொன்னார்.

"பாகு தெறிச்சுதுன்னு சொன்னானா உனக்கு?"

"ஆமாங்க."

"தெறிக்கல. நாந்தான் வெச்சேன். ஆலையில பாகு கிண்டற வேல. சேலையப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான், வூட்டுக்குப் போலாம் வூட்டுக்குப் போலாம்னு. கரண்டியால ஒன்னு போட்டேன். கரண்டியில பாகு இருந்துச்சு கண்ணு. ஆறு வயசு அப்ப." கன்னத்தின் மேலிருந்த விரலை எடுத்தார். "ஊர்ல யாரு கேட்டாலும் தெறிச்சுதும்பான். நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறப்பகூட, என்கிட்டயே, தெறிச்சுதும்மா, தெறிச்சுதும்மாம்பான். எத்தன பொண்ணு பாத்தோம், எல்லாம் அந்தக் கன்னத்தப் பாத்துட்டு எந்திரிச்சுப் போச்சுங்க. அப்பயும் தெறிச்சுதுன்னான்."

நான் வேலையைத் தொடங்கினேன். ஒரிஜினலைப் பூட்டினேன், அதன் மேல் ஒரு காப்பி போட்டேன். அவன் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான். தழும்பை அழிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், அந்த அம்மாவுக்கு அது புரிந்திருக்காது. தழும்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதை மட்டும் வெட்டியெடுத்துத் தனி ஃபைலில் வைத்தேன். பிறகு வலது கன்னத்துத் தோலை எடுத்து இடது பக்கம் கொண்டுவந்தேன். இறுகியிருந்த கண்ணோரத்தைத் தளர்த்தினேன். கோணியிருந்த வாய் நேரானது. நாற்பது நிமிடம். எடுத்த இடம் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அது, என் கையால் நான் செய்த மிகக் கேவலமான வேலையும் அதுதான்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இதான் என் புள்ள" என்றார்.

வத்தல்மலை அம்மா என் மண்டைக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தார்.

"பழசு இன்னும் இருக்குதா இதுல?"

"இருக்குதுங்க."

"அழிச்சிடு. போன்லயும் அழிச்சிடு. யாரும் பாக்கக் கூடாது."

கீழே பூட்டி வைத்திருந்த ஒரிஜினலைத் திறந்து, அதன் மேலேயே புது முகத்தைச் சேவ் போட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் செய்யாத தப்பு, தெரிந்தே செய்தேன். வாட்ஸ்அப்பில் வந்ததையும் அழித்தேன். முருகனை உள்ளே கூப்பிட்டு அவன் போனிலும் அழிக்கச் சொன்னார். அழித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, முடிந்ததா முடிந்ததா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் இண்டூர் போனபோது கூட்ரோட்டில் பேனர் கட்டியிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அவனோடு டீ குடித்தவர்கள்தான் அவர்கள். அதில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "யாருப்பா இது, மாதேஷோட தம்பியா? அவனுக்குத் தம்பி இருக்கறான்னே தெரியாதே" என்றார். இன்னொருவர் பெயரை இரண்டு தடவை படித்தார். என் வேலை அவ்வளவு சுத்தம். அந்த அம்மா மட்டும் பேனருக்கு நேர் எதிரில் மண்ணில் உட்கார்ந்து, முகத்தைத் துணியால் கட்டிய உடம்பு கூட்ரோட்டை ஒட்டிய வீட்டு வாசலில் கிடக்க, அதைவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதேஷை அறிந்தவர்கள் அவனுடைய நக்கலை வைத்திருப்பீர்கள், திட்டை வைத்திருப்பீர்கள், ஆயித்து என்ற வார்த்தையை வைத்திருப்பீர்கள். என் கடையில் பச்சைத் திரையைக் கழற்றிவிட்டேன். அதனால் யாருக்கு என்ன பயன் என்று அவன் கேட்பான், பயன் இல்லைதான். என்னிடம் இருப்பது ஒரு ஃபைல். திறந்தால் வெறும் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்கள், பின்னணி எதுவும் இல்லை என்பதற்கு அந்தச் சாஃப்ட்வேர் காட்டும் அடையாளம். கண் இல்லை, வாய் இல்லை, முகமே இல்லை. நடுவில் அந்தத் தழும்பு மட்டும் இருக்கிறது, திரை போட்டு அதை மறைத்த நானே வெட்டி வைத்த தழும்பு. ஃபைலுக்கு 'ஒரிஜினல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அதன் மேல் இதுவரை சேவ் போடவில்லை.